ஈரமில்லாத பெட்டி

அத்தியாயம் 6

வெட்டுக்கத்தியால் கதவைத் தட்டுகிறவர்கள் எங்கள் ஊரில் காபி குடிக்க வருவதில்லை. இரண்டாவது வெட்டில் தகரம் கிழிந்தது. அடுத்ததில் தாழ்ப்பாள் கழன்று என் காலடியில் வந்து விழுந்தது. போன மாதம்தான் மாற்றிய தாழ்ப்பாள் அது.

முதலில் உள்ளே வந்தவன் சேகுண்டோ தவாரெஸ். பின்னால் அரை டஜன் ஆட்கள், ஆளுக்கொரு கத்தி. அவனுடைய அண்ணன் எலிஹியோ எங்கள் தம்போரிலில் பெரிய சுருட்டு முதலாளி. முந்தாநாள் காலை தன் அறையிலேயே மண்டை பிளந்து கிடந்தார்.

"நால்டோ எங்க?" என்றான் சேகுண்டோ.

நால்டோ, எலிஹியோவின் கார் டிரைவர். பிணத்தை முதலில் பார்த்தவன். பார்த்ததோடு நிற்காமல் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு அழுதவன். சட்டை முழுக்க ரத்தத்தோடு வெளியே வந்தவனைப் பார்த்து "இவன்தான் கொன்னுட்டான்!" என்று யாரோ கத்த, பயந்து ஓட்டம் பிடித்த முட்டாள். என் உடன்பிறந்த தம்பியும் அவனேதான்.

என் முதலாளி பெலார்மினோ மேஜைக்குப் பின்னால் மசித்த வாழைக்காயும் பொரித்த சீஸும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சாந்தியாகோ போலீஸில் பாதி ஆயுசைத் தொலைத்துவிட்டு, இப்போது சொந்தமாகத் துப்பறிகிறவர். சுருட்டு ஊரில் பிறந்தும் சுருட்டுப் புகை பட்டால் தும்முகிறவர். சாப்பாட்டு நேரத்தில் பூகம்பம் வந்தாலும் தட்டோடுதான் எழுந்திருப்பார்.

"உக்காரு சேகுண்டோ. காலையில ஏதாவது சாப்பிட்டியா?"

தட்டு பறந்து சுவரில் மோதியது. அடுத்த உதை முதலாளியின் விலாவில் இறங்கியது. அவர் நாற்காலியோடு சாய்ந்தார். நான் பாய்ந்தேன். ஒருத்தன் விட்ட அறையில் என் உதடு கிழிந்தது. என் கையில் பைக் ஹெல்மெட் இருந்தது. அவன் மூக்கு உடைந்த சத்தம் எனக்கே கேட்டது.

சேகுண்டோ கத்தியின் நுனியை என் தொண்டையில் வைத்தான். "யுடெல்கா, உன் தம்பி எங்கன்னு உனக்குத் தெரியும்."

"தெரிஞ்சா நானே அவனை நாலு சாத்து சாத்தியிருப்பேனே அண்ணே. என் நல்ல சட்டையைப் போட்டுக்கிட்டுப் போயிருக்கான் கழுதை."

கத்தி கொஞ்சம் அழுந்தியது. கழுத்தில் சூடாக ஒரு கோடு இறங்குவதை உணர்ந்தேன். பயமாகத்தான் இருந்தது, ஒளிப்பானேன்.

"இன்னிக்கு சாயங்காலம் அண்ணன் வீட்ல ஜெபம். அது முடியறதுக்குள்ள அவன் என் முன்னால நிக்கணும். இல்லேன்னா உங்கம்மா வீட்டைக் கொளுத்திட்டு, அங்கேருந்து தேட ஆரம்பிப்போம்."

போகிற போக்கில் எங்கள் ஃபேனை வெட்டிப் போட்டார்கள். அது ஏற்கெனவே ஓடாத ஃபேன் என்பதை நான் சொல்லவில்லை.

"விலா எலும்பு போச்சா முதலாளி?"

"எலும்பு இருக்கு மகளே. சீஸ்தான் போச்சு." அவர் சுவரைப் பிடித்து எழுந்தார். "வா, மாடிக்குப் போவோம்."

மொட்டை மாடியில் இரண்டு தண்ணீர்த் தொட்டிகள். ஒன்றில் தண்ணீர். இன்னொன்றில் என் தம்பி.

மூடியைத் திறந்ததும் நால்டோ வியர்த்து விறுவிறுத்து எட்டிப் பார்த்தான். "அக்கா, கீழே என்ன சத்தம்?"

"உன்னை விருந்துக்குக் கூப்பிட வந்தாங்க. உள்ளயே இரு."

பெலார்மினோ தொட்டியின் விளிம்பில் சாய்ந்துகொண்டு, சட்டைப்பையிலிருந்து ஒரு துண்டு இஞ்சியை எடுத்து வாயில் அடக்கினார். "நால்டோ, அந்த அறையில நீ பாத்தது எல்லாத்தையும் சொல்லு. போலீஸ்கிட்ட சொல்ற மாதிரி சொல்லாதே. உன் அக்காகிட்ட வம்பு பேசற மாதிரி சொல்லு."

"ஏர்போர்ட் போக காரைத் துடைச்சு வச்சுட்டுக் கூப்பிடப் போனேன். ஐயா மேஜையில கவுந்து கிடந்தாரு. மேஜை பூரா ரத்தம். எனக்குக் கண்ணே இருட்டிருச்சு. அவரோட பயணப்பெட்டி மட்டும் பக்கத்துல துடைச்சு வச்சாப்ல சுத்தமா இருந்துச்சு."

"மேஜை பூரா ரத்தம். பெட்டியில மட்டும் ரத்தமில்லையா?"

"இல்ல அண்ணே."

முதலாளி இஞ்சி மெல்லுவதை நிறுத்தினார். "அந்தப் பெட்டியைப் பத்திப் பேசு."

என் தம்பிக்குக் காரைப் பற்றியும் எலிஹியோவைப் பற்றியும் கேட்டால் போதும், தொட்டிக்குள் இருக்கிறோம் என்பதே மறந்துவிடும். "சுருட்டு காயாம வெளியூர் கொண்டுபோறதுக்கு அண்ணே. நான்தான் அவரை ஆசாரி பாலிகார்ப்போ கடைக்குக் கூட்டிட்டுப் போனேன். தோல் தச்சது, சிப்பி பதிச்சது, கண்ணாடி மாதிரி வார்னிஷ் அடிச்சதுன்னு அவரு எடுத்து எடுத்து வச்சாரு. ஐயா அழகையெல்லாம் பாக்கல. ஒவ்வொண்ணா மூடியைத் தூக்கிக் கையை விட்டுட்டுக் காதைக் குடுத்தாரு. டொக்குனு விழுந்தா வேணாம்னாரு. கடைசியா ஒண்ணு, மெதுவா பெருமூச்சு விட்டுக்கிட்டு இறங்கிச்சு. இடுக்கு இல்லாததாலதான் காத்து அப்படி மாட்டிக்கிதாம். முழுக்க செத்ரோ மரம், மூலைக்கு மூலை பித்தளை. 'இது என்னை ஏமாத்தாது'ன்னாரு."

"வாங்கின உடனே சுருட்டை அடுக்கிட்டாரா?" என்று கேட்டேன்.

"ஐயோ அக்கா, அவரு காதுல விழுந்தா செத்தவரு எந்திரிச்சு வந்து உதைப்பாரு! காஞ்ச மரம் சுருட்டுல இருக்கிற ஈரத்தை எல்லாம் குடிச்சிரும். பேட்டரிக்கு ஊத்துவோமே, அந்தத் தண்ணியை வாங்கிட்டு வரச் சொன்னாரு. குழாத்தண்ணி பட்டா பூஞ்சை பூக்குமாம். துணியில நனைச்சு உள்பக்கம் பூரா ஒத்தி எடுத்து, சாசர்ல ஈர ஸ்பாஞ்சை வச்சு மூடிட்டாரு. மரம் வயிறு நெறைஞ்சு போதும்னு சொல்ற வரைக்கும், நாள்கணக்கா, யாரையும் தொட விடல."

"உள்ள ஈரத்தைக் காட்டற மீட்டர் இருக்குமே?"

"அதுக்கும் பரீட்சை வச்சாருண்ணே. சோடா மூடியில உப்பு, ரெண்டு சொட்டுத் தண்ணி, கூடவே மீட்டரு. எல்லாத்தையும் பிளாஸ்டிக் பையில இறுக்கிக் கட்டிட்டாரு. மறுநாள் முள்ளு எழுபத்தஞ்சைக் காட்டணும். காட்டல, கீழேயே நின்னுருச்சு. நின்ன இடத்துல கண்ணாடி மேல எர்சிலியா அம்மாவோட நெயில் பாலிஷால ஒரு சிவப்புப் புள்ளி வச்சாரு. 'எனக்கு இதுதான் இனிமே எழுபத்தஞ்சு. பொய் சொல்ற மீட்டர் எவ்வளவு பொய் சொல்லுதுன்னு தெரிஞ்சா, அது நல்ல மீட்டர்'னாரு."

"அதுல வச்ச சுருட்டு?"

"அவங்கப்பா சாகறதுக்கு முன்னாடி பதம் போட்டு வச்ச இலை. ஒரே ஒரு மூட்டைதான் மிச்சம். ஐயா அவரு கையாலயே சுருட்டினாரு. யாரோ வெளிநாட்டுக்காரருக்குக் காட்டப் போறதா சொன்னாரு."

பெலார்மினோ தொட்டியை மூடினார். உள்ளிருந்து "அக்கா, ஏதாவது தின்னக் கொடேன்" என்ற குரல் வந்தது.

என் பைக்கின் பின்னால் உட்கார்ந்தால் முதலாளி கண்ணை மூடிக்கொண்டு அல்தகிராசியா மாதாவைக் கூப்பிடுவார். தவாரெஸ் வீடு வரும்வரை மாதாவுக்கு ஓய்வே இல்லை.

அண்ணன் தம்பி இரண்டு பேர் வீடும் ஒரே முற்றத்தில், எதிரெதிராக. முற்றத்தில் தகரப் பந்தல் போட்டிருந்தார்கள். துக்கத்துக்கு வந்தவர்கள் இஞ்சி டீயும் பிஸ்கட்டுமாக டோமினோ ஆடிக்கொண்டிருந்தார்கள். கத்திகள் நாற்காலிக்கு அடியில் இருந்தன. ஓரமாக, தொழிற்சாலை மேனேஜர் லிசான்ட்ரோ. கொலைக்கு முதல் நாள் எலிஹியோவோடு தெருவே கேட்கும்படி சண்டை போட்டவர். என் கணக்கில் அவர்தான் ஆள்.

"கை காலியா வந்திருக்கே?" என்று சேகுண்டோ வழி மறித்தான்.

"ஜெபம் இன்னும் ஆரம்பிக்கலையே தம்பி," என்று முதலாளி அவனைச் சுற்றிக்கொண்டு நடந்தார்.

எலிஹியோவின் மனைவி எர்சிலியா எங்களை அந்த அறைக்குக் கூட்டிப் போனாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. போலீஸ் வந்து, நால்டோவின் காரிலிருந்த இரும்பு லிவரை எடுத்துக்கொண்டு, வேலை முடிந்ததென்று போய்விட்டதாம். பெட்டி மேஜையிலேயே இருந்தது.

பெலார்மினோ மூடியைத் திறந்தார். தும்மினார். சுருட்டுகளை ஒதுக்கிவிட்டு, குனிந்து பெட்டியின் உள்பக்கத்தை நாக்கால் நக்கினார்.

"முதலாளி, காலையில சாப்பாடு போனது போனதுதான். மரத்தைத் திங்காதீங்க."

நாக்கு மரத்தில் ஒட்டிக்கொண்டது. பிய்த்து எடுத்தபோது அவர் கண்ணில் தண்ணீர் வந்தது. ஒரு சுருட்டை எடுத்து என் காதருகே உருட்டினார். ஒரு பக்கம் மெத்தென்று இருந்தது. மரத்தைத் தொட்டுக் கிடந்த பக்கம் மொறுமொறுவென்று மேல் இலை வெடித்தது.

"அம்மா," என்றார் எர்சிலியாவிடம், "உங்க நெயில் பாலிஷை அவரு எடுத்தாராமே?"

"எடுத்தாரு. மூடாம வச்சுட்டாரு, பாட்டிலோட காஞ்சு போச்சு. அதுக்காக நான் ராத்திரி பூரா அவரைத் திட்டினேன் ஐயா. ஒரு பாட்டில் சாயத்துக்காக."

அவர் பெட்டிக்குள் இருந்த மீட்டரைக் காட்டினார். கண்ணாடியில் புள்ளி இல்லை.

அவள் முதலில் மீட்டரைப் பார்த்தாள், பிறகு பெட்டியை. "இது அவரோட பெட்டி இல்ல!" குரல் முற்றத்தைத் தாண்டிப் போனது. "பாலிகார்ப்போவைக் கேட்டாத் தெரியுமே, அவருதானே செஞ்சாரு!"

ஜன்னல் திறந்திருந்தது. வெளியே டோமினோ கட்டைகளின் சத்தம் சட்டென்று நின்றது. பிறகு மறுபடி ஆரம்பித்தது. அந்த இடைவெளி எனக்குப் பிடிக்கவில்லை.

பெலார்மினோ என் காதில் சொன்னார்: "பித்தளை மூலை. அவர் மண்டையை உடைச்சது அவரோட பெட்டியேதான். ரத்தம் பட்ட பெட்டியை வைக்கவும் முடியாது, பெட்டியே இல்லேன்னாலும் கேள்வி வரும். அதனால அதே மாதிரி ஒண்ணைக் கொண்டாந்து வச்சிருக்கான். நல்ல சுருட்டுல சுத்தியிருந்த காகிதப் பட்டியை உருவி மட்டமான சுருட்டுக்கு மாட்டியிருக்கான். கிளம்பு மகளே, சீக்கிரம்."

சீக்கிரமாகத்தான் போனோம். ஆனால் எங்களுக்கு முன்னாலேயே ஒருத்தன் குறுக்குச் சந்தில் போய்விட்டிருந்தான்.

பட்டறைக் கதவு திறந்து கிடந்தது. உள்ளே ஹெல்மெட் போட்ட ஒரு தடியன், பாலிகார்ப்போவின் வலது கையை வேலை மேஜையில் அழுத்திப் பிடித்து மரச் சுத்தியலால் அடித்துக்கொண்டிருந்தான். ஆசாரியின் வாய் ஏற்கெனவே கோணிக் கிடந்தது.

நான் பைக்கை நிறுத்தவில்லை.

முன்சக்கரம் தடியனின் இடுப்பில் ஏறியது. பலகைகள், பசைப் பானை, என் முதலாளி, மாதா எல்லோரும் ஒன்றாகச் சரிந்தோம். தடியன் எழுந்த வேகத்தில் உளியை எடுத்துச் சுழற்றினான். அது பெலார்மினோவின் புஜத்தைக் கிழித்தது. இரண்டாவது வீச்சு என் கண்ணுக்கு வந்தது. உளி பிடித்த கையை இரண்டு கையாலும் பற்றி, கட்டை விரலுக்குக் கீழே பல் இறங்கும்வரை கடித்தேன். வாயில் உப்புக் கரித்தது. அவன் அலறி என் தலையை மேஜைக்காலில் மோதினான். கண் முன் எல்லாம் வெள்ளையானது. தெளிந்தபோது பின்கதவு ஆடிக்கொண்டிருந்தது.

"பாலிகார்ப்போ! இன்னொரு பெட்டி யாருகிட்ட இருக்கு?"

ஆசாரியால் பேச முடியவில்லை. தாடை உடைந்திருந்தது. இடது கையால் இரண்டு விரல் காட்டினார். பிறகு சுவரில் சாய்த்திருந்த ஒரு செத்ரோ பலகையைக் காட்டினார்.

"ஒரே பலகையில ரெண்டு பெட்டி. ஜோடி," என்றார் பெலார்மினோ. "ஒண்ணு எலிஹியோவுக்கு. இன்னொண்ணு?"

ஆசாரி வாயைத் திறக்கப் பார்த்தார். ரத்தம்தான் வந்தது. கண் செருகியது. அக்கம்பக்கத்தவர்கள் அவரைக் கதவுப் பலகையில் போட்டுத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள்.

பெலார்மினோ புஜத்தில் கட்டிய துணியோடு தெருவோரமாக உட்கார்ந்தார். நான் அவரை இப்படிப் பார்த்ததில்லை. பெட்டி இருக்கிறது, புள்ளி இருந்தது என்று சொன்னால் கத்தி பிடித்த கூட்டம் கேட்குமா? போலீஸ் கேட்குமா? வெயில் சாய ஆரம்பித்திருந்தது. ஜெபத்துக்கு மணி அடிக்கப் போகிறார்கள். எங்கள் அம்மா அடுப்படியில் ஒன்றும் தெரியாமல் பீன்ஸ் வேகவைத்துக்கொண்டிருப்பாள்.

"யுடெல்கா. நால்டோவைத் தொட்டியிலேருந்து இறக்கு."

"எதுக்கு?"

"சேகுண்டோ கேட்டான்ல. கொடுத்துடுவோம்."

நான் பைக்கின் கருவிப்பையிலிருந்து ஸ்பானரை எடுத்தேன். "முதலாளி, உங்க தலையில இன்னிக்கு அடி ஏதாவது பலமா பட்டுச்சா? படலேன்னா இப்ப படும்."

"என்னை நம்பறியா இல்லையா?"

"உங்களை நம்பறேன். உங்க திட்டத்தை எப்பவும் நம்பினதில்ல. என்ன திட்டம்னு சொல்லுங்க."

"சொல்ல மாட்டேன். உன் மூஞ்சிக்குப் பொய் சொல்லத் தெரியாது. ஒண்ணே ஒண்ணு செய். அங்க நான் வண்டுன்னு பேச ஆரம்பிச்சதும், கூட்டத்துலேருந்து யாரு நழுவறாங்கன்னு பாரு. அவன் பின்னாலயே போ. நால்டோ பக்கம் திரும்பாதே. என்ன நடந்தாலும் திரும்பாதே."

மூன்று பேராக பைக்கில் போனோம். நடுவில் நால்டோ, கையைக் கயிற்றால் கட்டியபடி. முற்றத்துக்குள் திரும்பும்போது என் முதுகில் நெற்றியை வைத்தான். அவனுடைய நடுக்கம் எனக்குள் வந்தது.

பந்தலே எழுந்து நின்றது. நாற்காலிகள் கவிழ்ந்தன. யாரோ அவன் முடியைப் பிடித்து இழுத்தார்கள். யாரோ முழங்காலில் உதைத்தார்கள். நால்டோ மண்டியிட்டு விழுந்தான். ஒருத்தன் கத்தியைத் திருப்பிப் பிடித்துத் தட்டையாக அவன் முதுகில் அறைந்தான். சட்டை கிழிந்து தோல் தெரிந்தது. அது என் சட்டை. சேகுண்டோ கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, கையில் இருந்த கத்தியை ஓங்கினான்.

"வெட்டு," என்றார் பெலார்மினோ நிதானமாக. "ஆனா அதுக்கு முன்னாடி எர்சிலியா அம்மாகிட்ட ஒரு சேதி சொல்லணும். செத்துப்போன மனுஷன் சொன்னது, சொல்லாம விட்டா பாவம்."

கத்தி மேலேயே நின்றது.

"அம்மா, ஐயா கிளம்பறதுக்கு முன்னாடி நால்டோகிட்ட சொன்னாராம். அவங்கப்பாவோட அந்தப் பழைய மூட்டையில வண்டு இருந்துச்சாம். அவசரத்துல சுருட்டினப்புறம்தான் பாத்தாராம். அந்தச் சுருட்டை எல்லாம் உடனே ஐஸ் பெட்டியில போட்டு முட்டையைக் கொல்லணும், இல்லேன்னா இந்தப் புழுக்கத்துல பொரிச்சிரும்னாராம். பக்கத்துல வேற நல்ல சுருட்டு இருந்தா அவ்வளவுதான். நாலு நாள்ல எல்லாத்தையும் சல்லடையாக்கிடும். உங்க வீட்ல பக்கத்துல ஏதாவது வச்சிருந்தா பிரிச்சு வைங்கம்மா."

புகையிலைக்காரர்கள் கூட்டத்தில் வண்டு என்று சொல்வது, வயிற்றுப்போக்குக் கூட்டத்தில் கக்கூஸ் அடைப்பு என்று சொல்வதற்குச் சமம். பந்தல் முழுக்க முணுமுணுப்பு எழுந்தது.

நான் லிசான்ட்ரோவையே பார்த்துக்கொண்டிருந்தேன். நழுவு, நழுவு என்று மனசுக்குள் கத்தினேன். அந்த ஆள் "அடப்பாவமே, அந்த மூட்டையிலயா?" என்றபடி இன்னொரு பிஸ்கட்டை எடுத்து டீயில் முக்கினார்.

அப்போதுதான் கண்ணை எடுத்தேன். நால்டோவின் தலைக்கு மேல் இருந்த கத்தி அங்கே இல்லை.

"இவனைப் பிடிச்சு வைங்கடா. இப்ப வர்றேன்," என்று சேகுண்டோ எதிர்வீட்டைப் பார்த்து நடந்துகொண்டிருந்தான். முதலில் நடை. பிறகு வேக நடை. வாசலைத் தாண்டியதும் ஓட்டம்.

அண்ணனைக் கொன்றவன் என்று வெட்ட ஓங்கியவன், வெட்டாமல் வீட்டுக்கு ஓடுகிறான்! நானும் ஓடினேன்.

பின்னறையில் ஆளுயர செத்ரோ அலமாரி. அவனுடைய ஆயுள் சேகரிப்பு, தட்டுத் தட்டாக அடுக்கியிருந்தது. சேகுண்டோ மண்டியிட்டு, பல்லில் டார்ச்சைக் கடித்துக்கொண்டு, பட்டி இல்லாத சுருட்டுகளை ஒவ்வொன்றாகத் திருப்பித் திருப்பி ஓட்டை தேடிக்கொண்டிருந்தான். குழந்தைக்குப் பேன் பார்க்கிற அக்கறையோடு. மேல் தட்டில் ஒரு சின்ன வட்ட மீட்டர். அதன் கண்ணாடியில் ஒரு சிவப்புப் புள்ளி.

"வண்டு இருக்கா அண்ணே?"

டார்ச் விழுந்தது. அவன் கை இடுப்புக்குப் போனது. முதல் குண்டு என் காது மடலைக் கிழித்துக்கொண்டு சுவரில் பாய்ந்தது. இரண்டாவதற்கு அவன் குறி பார்ப்பதற்குள், திறந்திருந்த அலமாரிக் கதவை முழு பலத்தோடு அவன் மணிக்கட்டின் மேல் சாத்தினேன். எலும்பு முறிந்தது. துப்பாக்கி தரையில் சுழன்றது. அவன் விடவில்லை. இடது கையால் என் குரல்வளையைப் பிடித்துச் சுவரோடு தூக்கினான். கால் தரையில் படவில்லை. அவன் மூச்சு என் முகத்தில் அடித்தது. எனக்கு மூச்சு இல்லை.

"தம்பி," என்றது ஒரு குரல்.

எர்சிலியா வாசலில் நின்றாள். கையில் அவனுடைய துப்பாக்கி. அவளுக்குப் பின்னால் பெலார்மினோவும் பந்தலில் இருந்த அத்தனை பேரும்.

"அவளை விடு."

விட்டான். நான் தரையில் சரிந்து இருமினேன்.

எர்சிலியா அலமாரியிடம் வந்தாள். மீட்டரை எடுத்துக் கண்ணருகே பிடித்தாள். விரல் நுனியால் புள்ளியைத் தடவிப் பார்த்தாள். "இது என்னோட நெயில் பாலிஷ்," என்றாள்.

பெலார்மினோ தும்மிவிட்டுப் பேசினார். "ஜோடிப் பெட்டியில மத்தது உன்னுது சேகுண்டோ. தண்ணி காட்டாம சும்மா போட்டு வச்சிருந்தே. அதைக் கொண்டுபோய் அங்க வச்சே. அப்பா இலையை அந்தக் காஞ்ச பெட்டிக்குள்ள வைக்க உனக்கு மனசு வரல. அண்ணன் பெட்டியை எரிச்சே, ஆனா உப்பு வச்சுப் பாத்த மீட்டரை எரிக்கவும் மனசு வரல. மனுஷனைக் கொல்ல மட்டும் வந்துச்சு."

"அது அப்பா போட்ட இலை!" சேகுண்டோ முறிந்த கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கத்தினான். "ரெண்டு பேருக்கும் சேத்து விட்டுட்டுப் போனது. எனக்கு ஒண்ணுகூடக் குடுக்காம, எவனோ ஒரு வெளிநாட்டுக்காரன் ஊதித் தள்ளறதுக்கு எடுத்துட்டுப் போறான். கேட்டேன். கேட்டதுக்குச் சிரிச்சான்."

கூட்டம் நகர்ந்தது. கத்திகள் உயர்ந்தன. காலையில் நால்டோவைத் தேடிய அதே கத்திகள். பெலார்மினோ ரத்தக்கட்டோடு குறுக்கே போய் நின்றார். "இன்னிக்கு ஒரு தப்பு பண்ணப் பாத்தீங்க. ரெண்டாவது பண்ணாதீங்க. போலீஸைக் கூப்பிடுங்க. அப்புறம், அதோ அந்தக் கையில துணி சுத்தியிருக்கிறவனை வாசல்ல மறிங்க. அவன் கையில யுடெல்காவோட பல்லு இருக்கு."

எர்சிலியா துப்பாக்கியை அவரிடம் கொடுத்தாள். மூலையில் தரை துடைக்கிற வாளி தண்ணீரோடு இருந்தது. அதை அலமாரிக்கு முன்னால் இழுத்தாள். சிதறிக் கிடந்த சுருட்டுகளை அள்ளினாள்.

"அண்ணி," என்றான் சேகுண்டோ. "வேணாம் அண்ணி."

அவள் ஒரு பிடியை வாளிக்குள் போட்டாள். இலை ஊறி விரிந்தது. தண்ணீர் பழுப்பாக மாறியது.

"அண்ணி, வேணாம்! அது அப்பா கையால பதம் போட்டது! என்னைக் கொன்னுடுங்க, அதை விட்டுடுங்க அண்ணி!"

கடைசிச் சுருட்டு மூழ்கும்வரை அவள் நிறுத்தவில்லை. அடக்கத்தின்போது ஒரு சொட்டுக்கூட விடாத அந்த மனுஷன், தரையில் விழுந்து வாளியைக் கட்டிக்கொண்டு ஊரே கேட்கும்படி அழுதான்.

மீட்டரை மட்டும் எர்சிலியா கைக்குள் மூடிக்கொண்டாள். முற்றத்துக்கு வந்தோம். பந்தலின் நடுவில் நால்டோ இன்னும் மண்டியிட்டபடியே இருந்தான். அவனைப் பிடித்திருந்தவர்கள் எப்போதோ கையை எடுத்துவிட்டிருந்தார்கள், அது அவனுக்குத் தெரியவில்லை. நான் கயிற்றை அறுத்தேன். கெட்ட வார்த்தையில் திட்டினேன். வேறெப்படிக் கட்டிப்பிடிப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

ஜெபத்துக்கு மணி அடித்தது. எர்சிலியா அவன் முன்னால் வந்து நின்றாள். கிழிந்த முதுகைப் பார்த்தாள். தன் கறுப்புத் தலைத்துணியை அவிழ்த்து அதன் மேல் போர்த்தினாள்.

"எந்திரி நால்டோ. முன்வரிசையில வந்து உக்காரு. அவர் தலையைக் கடைசியா மடியில வச்சிருந்தது நீதான்."